வயதைப் பார்த்தா வைத்தியம்?

"வயசாயிடுச்சு.. இனிமே எதுக்குப் போட்டுப் படுத்தணும்?"

புற்றுநோய் வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் இந்த வசனம் ஒரு தடவையாவது வந்துவிடும். அன்பால்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் விஷயத்தில் இது பல நேரம் தப்பான தீர்ப்பு என்பது என் கட்சி.

"பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்னடா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது :-) வகுப்புத் தோழன் ஒருவனின் பாட்டிக்கு 73 வயது. ஒருமுறை குணமான லிம்போமா திரும்பி வந்துவிட்டது. வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் கேட்ட கேள்விகளுக்காகத் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு. இது மருத்துவ ஆலோசனை அல்ல, என் கருத்து மட்டுமே.

முதலில் கீமோவுக்கு ஒரு நியாயம் செய்துவிடுவோம். வேகமாக வளரும் லிம்போமாக்களில் அதிகம் காணப்படுவது பெரிய பி செல் லிம்போமா. பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது. 2002-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் 60 முதல் 80 வயதுக்குள் இருந்த 399 பேரிடம் செய்த ஆய்வு வெளியானது. பழைய 'சாப்' கீமோவில் 63 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக மறைந்தது. அதோடு ரிட்டுக்ஸிமாப் மருந்தைச் சேர்த்ததும் அது 76 சதவீதம் ஆனது. 2011-ல் இன்னொரு பிரெஞ்சு ஆய்வு, 80 வயதைத் தாண்டியவர்களுக்கு அளவைக் குறைத்து 'மினி-சாப்' கொடுத்துப் பார்த்தது. இரண்டு வருடம் கழித்தும் 59 சதவீதம் பேர் உயிருடன் இருந்தார்கள். 80 வயதுக்கு மேல்! ஆகவே முதல்முறை நோய் வரும்போது கீமோவே முதல் வழி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை, நோய் திரும்பி வரும்போதுதான். அப்போது பழைய வழி, இன்னும் கடுமையான கீமோ, அது கேட்டால் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை வைத்தே மாற்று சிகிச்சை. எழுபது வயது உடம்பு பல நேரம் இதைத் தாங்காது. அதனால் பெரியவர்களுக்குக் கிடைப்பது மிதமான கீமோ. அது நோயைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். வேரோடு எடுப்பது அபூர்வம்.

இங்கேதான் கார்-டி செல் சிகிச்சை வருகிறது. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி ஆய்வகத்தில் மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்ப உடம்பில் ஏற்றுகிறார்கள். ஒரே ஒரு முறை. ஏற்றுவதற்கு முன் மூன்று நாள் குறைந்த அளவு கீமோ உண்டு. ஆக, "கீமோவே இல்லாத வைத்தியம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இது பெரியவர்களுக்கு வேலை செய்யுமா? 2022-ல் வெளியான சூமா-7 ஆய்வில், முதல் சிகிச்சைக்கு மசியாத அல்லது ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியவர்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு செல் சிகிச்சை, இன்னொன்றுக்குப் பழைய வழி. அதில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் தனியே பார்த்தால், நோய் முற்றாமலும் வேறு சிகிச்சை தேவைப்படாமலும் கழிந்த காலத்தின் மீடியன் (புள்ளியியல் பேப்பரில் நாம் படித்த அதே மீடியன்தான்) பழைய வழியில் 2.5 மாதம். செல் சிகிச்சையில் 21.5 மாதம்.

"அவங்கெல்லாம் திடமான பெரியவங்களா இருந்திருப்பாங்க" என்கிறீர்களா? சரியான கேள்வி. அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் மாற்று சிகிச்சையைத் தாங்குவார்கள் என்று கருதப்பட்டவர்களே. அதனால்தான் அதே 2022-ல் வந்த பைலட் ஆய்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாற்று சிகிச்சைக்குத் தோதில்லை என்று வைக்கப்பட்டவர்கள்தான் அதன் நோயாளிகள்: எழுபது தாண்டியவர்கள், அல்லது இதயமோ நுரையீரலோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள். செல் ஏற்றப்பட்ட 61 பேரின் வயது மீடியன் 74. 80 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது, 54 சதவீதம் பேருக்கு முழுமையாக மறைந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பைலட்டில் ஒப்பிட இன்னொரு பிரிவு கிடையாது. செல் எடுக்கப்பட்டது 74 பேரிடம், ஏற்ற முடிந்தது 61 பேருக்கே. சிகிச்சைக்குப் பின் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் இறங்குதல், பேச்சுக் குழறல், மனக் குழப்பம் எல்லாம் வரலாம். சூமா-7-ன் 65 வயது தாண்டியவர்களில் கால்வாசிப் பேருக்குக் கடுமையான நரம்புப் பிரச்சினை வந்தது. வேறு வகை செல்லைப் பயன்படுத்திய பைலட்டில் அது 5 சதவீதம். ஆக எந்த மருந்து என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, மூளைத் தொற்றோ மறதி நோயோ முற்றியவருக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மிதமான கீமோவோ வலி தணிக்கும் சிகிச்சையோதான் கருணை.

இனி நம்ம சப்ஜெக்ட், காசு. 2017-ல் அமெரிக்காவில் இந்த லிம்போமாவுக்கான முதல் கார்-டி மருந்து வந்தபோது விலை 3,73,000 டாலர். 2023 அக்டோபரில் இந்தியா அனுமதித்த நெக்ஸ்கார்19, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியது. அதன் விலை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதுவே பல லட்சம் ரூபாய், நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு வீட்டின் விலை. பணமில்லாமல் கைவிடுவது வேறு, அது கொடுமை. ஆனால் பணம் இல்லை என்பதை "வயசாயிடுச்சு" என்று மாற்றிச் சொல்லாதீர்கள். காரணத்தை மாற்றி எழுதினால் கணக்கு நேராகாது. அரசுக் காப்பீட்டில் இதைச் சேர்க்கக் கேட்க வேண்டும் என்றால், உண்மைக் காரணம் வெளியில் தெரிய வேண்டுமே!

அப்படியானால் வயதுக்குப் பதில் எதைப் பார்ப்பது? தானே குளிக்கிறாரா, கடைக்கு நடந்து போய் வருகிறாரா, நினைவு தெளிவாக இருக்கிறதா, சிறுநீரகமும் இதயமும் எப்படி, கூட இருந்து பார்க்க ஆள் உண்டா. முதியோர் மதிப்பீடு என்று மருத்துவர்கள் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். இதைச் செய்யாமல் ஆதார் கார்டில் பிறந்த வருடத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்னொன்று. என் தோழன் வீட்டில் மகன், மருமகள், மாப்பிள்ளை எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். பாட்டியை வேறு அறையில் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். "தெரிஞ்சா தாங்க மாட்டாங்க" என்று சொல்லி. தாங்குவாரா மாட்டாரா என்பது இருக்கட்டும், மருந்து ஏறப்போவது அவர் உடம்பில்தானே? சில வாரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே தங்கச் சம்மதமா, பேரன் கல்யாணம் வரைக்கும் இருந்தால் போதுமா, இன்னும் பத்து வருஷம் வேண்டுமா.. இதற்கெல்லாம் அவரைத் தவிர யாரிடமும் பதில் கிடையாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு வந்தால், முதலில் அந்த அறையின் கதவைத் திறந்து அவரையும் கூப்பிடுங்கள்.