பன்னிரண்டே போதும்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வரும் காவடி வண்டிகளில் பல ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்து வண்டிகள். பாட்டு தமிழ், தெலுங்கு இரண்டிலும் முழங்கும். அரோகரா மட்டும் பொது. இன்னொன்றும் பொது: "சத்தம் பத்தலையா? வோல்ட்டை ஏத்து" என்ற நம்பிக்கை. 365 படி ஏறினால் முருகனைப் பார்க்கலாம். வோல்ட்டை ஏற்றினால் புகையைத்தான் பார்க்கலாம்.

நம் பக்கத்து அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் செட்டில் அதிகம் இருப்பது 4440 போர்டு. அதிலுள்ள சான்யோவின் 4440 ஐசிக்குப் பரிந்துரைக்கப்பட்ட சப்ளை 13.2 வோல்ட், கார் பேட்டரிக் கணக்கு. வேலை செய்யும்போது 18-ஐத் தாண்டக் கூடாது. நாம் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை மாட்டிவிட்டு, "பன்னிரண்டுதானே" என்கிறோம். அது ஏசி. பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் தாண்டினால் 1.414 மடங்கு, அதாவது 17. டயோடுகள் ஒன்றரை வோல்ட் விழுங்கினாலும் 15.5 நிற்கும். "கொஞ்சம் பஞ்ச் வேணும்" என்று 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போனால் ஏறக்குறைய 20! இப்படி இரண்டு ஐசியை எரித்துவிட்டு, டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டியவன் நான். பாவம் அவர்.

சத்தத்தை ஏற்றுவது வால்யூமும் சர்க்யூட்டின் கெயினும்தான். சப்ளை வோல்ட் வெறும் கூரை. கூரையை உயர்த்தினால் உள்ளே நிற்பவன் வளர்ந்துவிடுவானா? தலை இடிக்காது, அவ்வளவுதான்.

பதினாறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினால் கிடைக்கக்கூடிய உச்ச வாட் கிட்டத்தட்டப் பாதியாகும். உண்மைதான். ஆனால் பாதி வாட் பாதிச் சத்தம் அல்ல. காதுக்கு அது 3 டெசிபல் குறைவு. கவனித்துக் கேட்டால்தான் தெரியும். சத்தம் இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். ஐசி தாங்க வேண்டிய உச்ச சூடோ அதே பன்னிரண்டில் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடுகிறது.

"லோ வோல்டேஜ்ல கரண்ட் அதிகமா இழுத்து எரிஞ்சிடுமே?" இது கிணற்று மோட்டாரிடம் கற்ற பாடம். மோட்டார் இறைக்க வேண்டிய தண்ணீர் அப்படியே இருப்பதால் வோல்ட் குறையும்போது கரண்ட்டைக் கூட்டி இழுக்கிறது. 4440 மாதிரி ஐசிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வோல்ட் குறைந்தால் அதன் கரண்ட்டும் கூடாது, குறையும்.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. டிடிஏ2030 என்ற இன்னொரு ஆம்ப்ளிஃபையர் ஐசிக்குக் குறைந்தது 12 வோல்ட் தேவை. அதை 9-இல் ஓட்டுவது வீண். இறங்கிப்போன பேட்டரியில் வால்யூமை முழுக்கத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுப் பாட்டு கரகரக்கும், ட்வீட்டரும் போகலாம். அது திருகிய கையின் குற்றம்.

இந்தக் கிருத்திகைக்கு வண்டி கட்டும் முன் மல்டிமீட்டரை டிசியில் வைத்து, கெப்பாசிட்டர் முனையில் அளந்து பாருங்கள். 4440 போர்டில் 18 தாண்டினால் அந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியை மாட்டுங்கள். இன்னும் சத்தம் வேண்டுமென்றால், அதே வாட்டுக்குக் கூடுதல் டெசிபல் தரும் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்குங்கள்.