நாற்பது வயதில் ரயில்வே வேலை

"எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இனி ரயில்வேயில் வேலை கேட்டுப் போனால் சிரிக்க மாட்டார்களா?"

அண்மையில் ஒரு கிளைக் கூட்டத்திலே அங்கத்தினர் ஒருவர் எழுந்து நின்று இப்படிக் கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அவர் உழைக்கும் தோட்டம் விலை பேசப்படுகிறது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையையும் சாய்த்து வீட்டுமனை போடப் போகிறார்கள். அந்தத் தோழர் கேட்டது சிரித்துவிட்டுப் போகும் கேள்வியன்று. சங்கம் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

ரயில் நமக்கு அந்நியமானதல்ல. 1885ஆம் ஆண்டில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இந்நாட்டின் முதல் ரயில் ஓடியது. அதற்குப் பின் காடு வெட்டிப் பாதை போட்டதிலும், தண்டவாளம் சுமந்ததிலும், செந்தூல் பட்டறையில் வியர்வை சிந்தியதிலும் தமிழன் பங்கு பெரிது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையிலே நம் தோட்டத்து மக்கள் ஆயிரமாயிரமாய் மாண்டார்கள். 1962ஆம் ஆண்டின் இறுதியில், நாட்கூலியை மாதச் சம்பளமாக்கக் கோரி ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே மாதச் சம்பளத்தை நாமும் பல காலம் கேட்டுப் போராடியிருக்கிறோம். ஆகவே, ரயில்வே வேலைக்குப் போக விரும்புகிறவன் அந்நியன் வீட்டுக் கதவைத் தட்டவில்லை.

ஆனால் பாட்டன் காலத்து ரயில் வேறு, இன்றைய ரயில் வேறு. அன்று மண்வெட்டியும் தோள் பலமும் போதும். இன்று தலைக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. சைகையும் கணினி வழியே நடக்கிறது. கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழக்குக் கரை ரயில் பாதை திட்டமிடப்பட்டது. பாதை நீள நீள ஆள் தேவைப்படும், உண்மைதான். எனினும் கையிலே சான்றிதழ் இல்லாதவனை அது தேடி வராது.

நாற்பத்திரண்டு வயது காலங்கடந்த வயதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013 ஜூலை முதல், தனியார் துறையிலே குறைந்தபட்ச ஓய்வு வயது அறுபது. நாற்பத்திரண்டில் சேர்கிறவனுக்குப் பதினெட்டு ஆண்டு உழைப்பு மிச்சமிருக்கிறது. அவன் வாங்குவது சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளிதான் என்றே வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு முதலாளி பங்கு நூற்றுக்குப் பதின்மூன்று, தொழிலாளி பங்கு பதினொன்று. மாதம் ஏறக்குறைய 408 வெள்ளி சேரும். பதினெட்டு ஆண்டில் லாப ஈவு நீங்கலாக 88,000 வெள்ளிக்கு மேலாகும். இதைக் காலங்கடந்த வயதென்று எப்படிச் சொல்வது?

ஆனால் தோழர்களே, ஆசை காட்டி உங்களை அனுப்பிவிட்டுக் கைகழுவ நாம் விரும்பவில்லை. மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

முதலாவது, அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். தோட்டம் மூடப்பட்டு ஆட்குறைப்புச் செய்யப்பட்டால், 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம் நஷ்டஈடு உண்டு. இருபதாண்டு உழைத்தவருக்கு நானூறு நாள் சம்பளம்! வேறு வேலை கிடைக்குமென்ற நம்பிக்கையில் தாமாகவே விலகிப் போனவருக்கு இது கிடையாது. சொக்சோவின் வேலையில்லாக் காப்புறுதியும் கிடையாது. அந்தக் காப்புறுதி வேலை தேடும் காலத்துக்கு உதவிப் பணமும், தொழில் பயில உதவியும் தருகிறது. வேலை போன அறுபது நாளைக்குள் மனுச் செய்ய வேண்டும். அறுபத்தோராம் நாள் போய் அழுது பயனில்லை.

இரண்டாவது, கையிலுள்ள திறமைக்குச் சான்றிதழ் வாங்குங்கள். தோட்டத்து ஆலையில் இயந்திரம் ஓட்டியவர், மின்சார வேலை பார்த்தவர், இரும்பு ஒட்டியவர், டிராக்டர் பழுது பார்த்தவர் நம்மில் பலர் உண்டு. முன்னனுபவத்தைச் சோதித்து, வகுப்பில் உட்காராமலே மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை திறன் மேம்பாட்டு இலாகாவிலே இருக்கிறது. செய்த வேலைக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். ஆகவே நிர்வாகம் போய்விடுமுன், இன்ன வேலையை இத்தனை ஆண்டு செய்தாரென்று எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டம் விற்ற பிறகு கையெழுத்துப் போடத் துரையும் இருக்கமாட்டார், கிராணியும் இருக்கமாட்டார்.

மூன்றாவது, தேகத்தைப் பாருங்கள். ரயில் ஓட்டுகிறவனுக்கும் சைகை பார்க்கிறவனுக்கும் கண்ணும் காதும் தெளிவாயிருக்க வேண்டும்; சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வேண்டும். இரவு வேலை உண்டு. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் லயங்களிலே அழையாத விருந்தாளிகள். மனுப் போடுமுன் வைத்தியரிடம் போங்கள். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பழகியவனுக்கு நேரந்தவறாமை புதிதல்ல. நம்மிடமுள்ள பெரிய முதல் அதுவே.

இனி, நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் சொல்ல வேண்டியது உண்டு.

அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு மதம், இனம், வம்சம், பிறந்த இடம், பால் என்ற காரணங்களால் பிரஜைகளிடையே பாகுபாடு கூடாதென்கிறது. வயது என்ற சொல் அதிலே இல்லை. அந்த இடைவெளியில்தான் நாற்பது வயதுக்காரன் விழுகிறான். கண் பார்வையைச் சோதியுங்கள், கைத்திறனைச் சோதியுங்கள். தேறாதவனைத் திருப்பி அனுப்புங்கள். நாம் வாதாட வரமாட்டோம். ஆனால் பிறந்த தேதியை மட்டும் பார்த்து மனுவைக் குப்பையில் போடாதீர்கள் என்கிறோம்.

ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனுக்குச் சட்டம் தரும் அறிவிப்புக் காலம் எட்டு வாரம். எட்டு வாரத்தில் ஒரு மனிதன் புதுத் தொழில் கற்றுக்கொள்ள முடியுமா? தோட்டத்தை விற்கத் தீர்மானித்தால் ஆறு மாதம் முன்னதாகச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த ஆறு மாதத்திலே சம்பளத்தோடு தொழிற்பயிற்சிக்குப் போக விட வேண்டும். பயிற்சி முடியும்வரை குடியிருக்கும் வீட்டைப் பறிக்கக் கூடாது. வேலை போனால் வீடும் போகும் என்ற பயமே நம்மவரை எந்த வேலையையும் தேடவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறது.

கேள்வி கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்: மனுப் போடுங்கள். ஆனால் நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை உளியைக் கீழே வைக்காதீர்கள். கிளைச் செயலாளரிடம் வாருங்கள். பாரங்களை உட்கார்ந்து எழுதித் தருவது அவர் கடமை. அன்று கூட்டத்திலே சிரித்தவர்களும் கூடவே வரட்டும். அவர்கள் தோட்டமும் நாளை விலை பேசப்படலாம்.