மலைப் பாதைக்கு ஏற்ற வண்டி எது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் கண்டியிலும் எந்த ஜீப் சிறந்தது என்ற விவாதத்துக்குக் குறைவில்லை. பேச்செல்லாம் திரையின் அளவையும் ஆசனத்தின் மென்மையையும் பற்றியதாகவே இருக்கின்றது. கலஹா, தெல்தோட்டை, பன்விலை, ரங்கலை ஆகிய பகுதிகளின் தோட்டப் பாதைகளை அளவுகோலாகக் கொண்டால் தீர்ப்பு வேறாகும் என்பது என் கருத்து.

மலை வண்டிக்கு மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது இறக்கம். ஏற்றத்தைப் பற்றியே எல்லோரும் கேட்கின்றனர். வண்டியின் குணம் தெரிவதோ இறக்கத்தில்தான். பிரேக்கை மட்டும் நம்பி நெடுந்தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். நான்கு சக்கர இயக்கத்துடன் லோ கியரும் உள்ள வண்டியை எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது வளைவு. மூன்றாவது, நோயாளி ஒருவரைப் படுத்த நிலையில் ஏற்ற முடியுமா என்பது.

தோட்டங்களில் அவசரத்துக்கு முதலில் வருவது ஆட்டோதான். ஒடுங்கிய வளைவில் அதற்கு இணையில்லை. ஆனால் முன்னால் ஒற்றைச் சக்கரம். ஈரமான இறக்கத்தில் திருப்பியபடி பிரேக் பிடித்தால் கவிழும் அபாயம் உண்டு. நோயாளி உட்கார்ந்துதான் போக வேண்டும்.

ஹைலக்ஸ் டபிள் கெப் வலுவானது. லோ கியருடனும் கிடைக்கின்றது. எனினும் முன், பின் அச்சுகளுக்கிடையே 3 மீற்றருக்கும் அதிக நீளம். கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் எடுத்துத் திருப்ப நேரும். பின்தட்டில் படுப்பவருக்கு மழைக்கு மறைப்பும் இல்லை.

1956இல் வந்த குட்டை லேண்ட் ரோவரின் அச்சிடைத் தூரம் 88 அங்குலம், அதாவது 2,235 மில்லிமீற்றர். 2018இல் வெளிவந்த சுசுகி ஜிம்னிக்கு 2,250. இரண்டுக்கும் லோ கியர் உண்டு. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் பொறியியலாளர்கள் ஏறத்தாழ அதே அளவுக்கே வந்து சேர்ந்திருக்கின்றனர். இறக்கத்திலும் வளைவிலும் முதலிடம் இவற்றுக்கே. ஆயினும் மூன்றாவது சோதனையில் இரண்டும் தோற்கின்றன, ஸ்ட்ரெச்சருக்கு இடமில்லை.

என் தேர்வு இவற்றுக்கு இடைப்பட்டது: பழைய 109 அங்குல லேண்ட் ரோவரின் வகை. அம்பியூலன்ஸாகவும் அமைக்கப்பட்ட வண்டி அது. அதே நீளத்தில், லோ கியருடன், மூடிய உடலமைப்புடன் எந்த நிறுவனம் செய்து தந்தாலும் சரிதான்.

2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய சேவை பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் வான்கள் தார் வீதிக்குரியவை. லயத்திலிருந்து தார் வீதி வரையுள்ள தூரத்துக்கு யார் பொறுப்பு? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, கண்டி மாவட்டத்திலேயே இழப்பு மிகுந்திருந்தது. சரிந்த மலையை எந்த வண்டியாலும் கடக்க முடியாது. பாதி எஞ்சிய பாதையில் போகக்கூடிய வண்டியாவது அருகில் இருக்க வேண்டும்.

1992 முதல் தோட்டங்களை நிர்வகித்துவரும் கம்பனிகளும் அரசும் செலவைப் பகிர்ந்து, அயலிலுள்ள சில தோட்டங்களுக்கு ஒன்றாக இத்தகைய வண்டியை நிறுத்திவைக்கலாம். அதிகாரிகளுக்கு டபிள் கெப் வாங்கப் பணம் இருக்கும் நாட்டில் இது பேராசை ஆகாது.