இறங்கும் ஊசியை மறைக்க வேண்டாம்

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களிடம் எஞ்சிய சொத்துகளில் உழவு இயந்திரம் முதன்மையானது. வீடு போயிற்று, கிணறு தூர்ந்தது, மாடுகள் சிதறின. சக்கரம் உள்ள பொருள் என்பதால் உழவு இயந்திரம் மட்டும் குடும்பத்தோடு கூட வந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக அலைந்தபோதும், வயோதிபரும் குழந்தைகளும் நெல் மூடைகளும் ஏறியது அதன் பெட்டியில்தான். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் கமக்காரரில் மிகப் பலருக்கு அதைக்கூடக் கொண்டுவர முடியவில்லை.

இப்படித் தப்பி வந்த இயந்திரங்களும், மீள்குடியேறியபின் கடன்பட்டு வாங்கிய பழைய இயந்திரங்களும் இன்று ஒரே நோயால் வருந்துகின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒயில் அழுத்தம் காட்டும் ஊசி நிமிர்ந்து நிற்கும். ஒரு மணி நேரம் உழுது எஞ்சின் சூடேறியதும் மெல்ல இறங்கும். வரம்போரம் நிறுத்தி ஓடவிட்டால் அடியைத் தொடும். இதைப் பற்றி எமது கருத்தை இங்கு சொல்ல விரும்புகிறோம். இறங்கும் ஊசியை முதலில் அளந்து பார்க்க வேண்டும். பிறகே செலவு செய்ய வேண்டும். எக்காரணம் கொண்டும் அதை மறைக்கக் கூடாது. அளக்கும் கருவி ஊருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

ஒயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்றே பலரும் எண்ணுகிறோம். பம்ப் செய்வது ஒயிலைத் தள்ளுவது மாத்திரமே. தள்ளப்பட்ட ஒயில் கிராங்கிற்கும் பெயரிங்கிற்கும் இடையிலுள்ள மிக ஒடுங்கிய இடைவெளியூடாகக் கசிந்து வெளியேற வேண்டும். அங்கே ஏற்படும் தடையே அழுத்தமாகிறது. அந்த இடைவெளி ஒரு தலைமயிரின் தடிப்பை ஒத்தது. பெயரிங் தேயத் தேய இடைவெளி அகலும், ஒயில் இலகுவாக ஓடிவிடும், ஊசி இறங்கும்.

கமக்காரருக்கு இது புதிய பாடமல்ல. வாய்க்கால் வரம்பில் எலி வளைகள் இருந்தால் என்ன நடக்கும்? தண்ணீர் இறைக்கும் பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வாய்க்காலில் நீர்மட்டம் ஏறாது. கடைசி வயல் காயும். எஞ்சினுக்குள்ளும் அப்படித்தான். அழுத்தம் குறைந்தால் பம்பிற்குத் தொலைவிலுள்ள பகுதிகள் முதலில் காயும். பிறகு அடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கும். சத்தம் கேட்ட பின்பும் ஓட்டினால் கிராங்க் போய்விடும்.

எமது பகுதிகளில் அதிகம் காணப்படுபவை மெசி பேர்கசன் 35, 135 போன்றவை. பெரும்பாலானவை 40 வயதைத் தாண்டியவை. 135இல் உள்ள பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு, சூடேறிய பின் முழு வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 இறாத்தல் வரை அழுத்தம் இருக்க வேண்டும். மெதுவாக ஓடும்போது அது குறைவது இயல்பு. அதனால் எஞ்சின் சூடாக இருந்ததா, என்ன வேகத்தில் ஓடியது என்று சொல்லாமல் "பிறசர் இல்லை" என்று மட்டும் சொல்வதால் பயனில்லை. காய்ச்சல் என்று வருபவருக்கும் மருத்துவர் முதலில் வெப்பமானியையே வைத்துப் பார்க்கிறார்.

ஊசி இறங்குவதெல்லாம் பெயரிங் தேய்வல்ல

ஊசி இறங்கியதும் எஞ்சினை முழுதாக இறக்க வேண்டும் என்று கேட்டு, நகையை ஈடு வைத்த குடும்பங்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால் பிழை கேஜில் இருந்திருக்கும். ஆதலால் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடங்களின் பின் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் காரணம் அதுவாகவே இருக்கலாம். ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். டீசலோ தண்ணீரோ ஒயிலுடன் கலக்கிறது. ஒயிலை மணந்து பாருங்கள். கடதாசியில் ஒரு துளி விட்டால், டீசல் கலந்த ஒயில் கறுப்பைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பரவும். எஞ்சின் பக்கத்திலுள்ள டீசல் பம்பின் உட்தகடு கிழிந்தாலும் டீசல் நேரே ஒயிலுக்குள் இறங்கும். ஒயில் பால் போலிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

இரண்டாவது, நம்பகமான வேறொரு கேஜைப் பூட்டி அளந்து பாருங்கள். பழைய கேஜும் அதற்குப் போகும் மெல்லிய குழாயும் அடைபட்டோ பழுதுபட்டோ பொய் சொல்லக்கூடும்.

மூன்றாவது, ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய பில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். அதில் மினுங்கும் உலோகத் துகள்கள் இருந்தால் பெயரிங் தேய்கிறது என்பதற்கு அது சாட்சி.

நான்காவது, அழுத்தம் அளவு மீறும்போது ஒயிலைத் திருப்பி விடும் வால்வைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். அதில் ஒரு தூசி சிக்கி வால்வு திறந்தபடியே நின்றாலும் ஊசி இறங்கும்.

இவ்வளவும் பார்த்த பின்பே அடியிலுள்ள சம்பைக் கழற்ற வேண்டும். அது கனமான வார்ப்பிரும்பாயின் உரிய தாங்கு கொடுக்காமல் கழற்றுவது உயிராபத்து. கழற்றினால் ஒயில் உறிஞ்சும் வடியை முதலில் பாருங்கள். பல வருடம் மரத்தின் கீழ் நின்ற எஞ்சின்களில் அது களியால் அடைபட்டிருக்கும். பெயரிங் மாற்றத்தான் வேண்டுமென்றால் கிராங்கை மைக்ரோமீற்றரால் அளக்கும்படி கேளுங்கள். வட்டம் குலைந்த கிராங்கில் புதிய பெயரிங் போட்டால், அடுத்த போகத்தில் அதே பணத்தை மறுபடியும் செலவிட நேரும். கிராங்கை 10, 20, 30 என அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் அரைத்து, அதற்கேற்ற பெயரிங் போடுவதே முறை.

மறைக்கும் வித்தைகள்

இரண்டு வித்தைகள் எங்கும் பரவியிருக்கின்றன. ஒன்று, உரிய ஒயிலுக்குப் பதிலாக மிகத் தடித்த ஒயிலை ஊற்றுவது. மற்றது, வால்வின் வில்லுக்குக் கீழே வோசர் வைத்து இறுக்குவது.

தடித்த ஒயில் ஊசியை உயர்த்தும் என்பது உண்மை. வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் தண்ணீரைச் சேறாக்கி மட்டத்தை உயர்த்துவது போன்றது அது. காலைக் குளிரில் அத்தகைய ஒயில் தொலைவிலுள்ள பகுதிகளைச் சென்றடையப் பிந்தும். தேய்வு அந்நேரத்தில் கூடும். வோசர் வித்தை இதைவிடப் பயனற்றது. அந்த வால்வு அழுத்தத்தின் உச்ச எல்லையை மட்டுமே தீர்மானிக்கிறது. சூடான எஞ்சினில் அழுத்தம் அந்த எல்லையைத் தொடாதபோது வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும். மூடிய கதவை மேலும் இறுக்கி என்ன பயன்? வில்லே தளர்ந்திருந்தால் புதிய வில் போட வேண்டும்.

"கையில் காசு இல்லாதவன் தடித்த ஒயில் ஊற்றியாவது ஒரு போகத்தை ஓட்டினால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காலபோகம் தொடங்கி மழை விழுந்த பின் உழாமல் விட்டால் வருடமே போய்விடும். அளந்து பார்த்து, நிலைமையை அறிந்து, பாரம் குறைத்து, அறுவடைக்குப் பின் திருத்துவதென்று தீர்மானித்து ஓட்டுபவரை நாம் குறை சொல்லமாட்டோம். அறியாமல் ஓட்டுவதும், அறிந்துகொண்டே அந்த இயந்திரத்தை இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதும் வேறு. கணவனை இழந்து, பிள்ளைகளின் சோற்றுக்காக ஓர் உழவு இயந்திரத்தை வாங்கிக் கூலிக்கு விடும் தாய்மார் எமது கிராமங்களில் இருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைக் காட்டி, நிமிர்ந்த ஊசியைக் காட்டி அவர்களிடம் விற்பது களவுக்கு ஒப்பானது. வாங்குபவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: அரை மணி நேரமாவது பாரத்துடன் ஓட்டிச் சூடேற்றிய பின், உங்கள் கேஜால் அளந்து பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

பேராதனையும் எமது கிராமங்களும்

பழைய இயந்திரங்கள் இவ்வளவு தேய்ந்ததற்குக் கமக்காரரின் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வடக்கிற்குப் போகும் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் கடுமையாகத் தடுக்கப்பட்டன. மண்ணெண்ணெயில் வாகனங்கள் ஓடின. ஒயில் மாற்ற வழியின்றி வடித்த ஒயிலே மீண்டும் ஊற்றப்பட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தமும் 2022இல் டொலர் தட்டுப்பாடும் வந்தன. புதியது வாங்க முடியாதவர்கள் பழையதையே பிடித்துக்கொண்டார்கள்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்திலும் பல குடும்பங்களை இடம்பெயர வைத்தது. மகாவலி பெருகி, மலைகள் சரிந்தன. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்களை வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். ஓடுகிறதா என்று ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். முதலில் ஒயிலையும் டீசலையும் முற்றாக வடித்துவிடுங்கள். சிறிய இரு சக்கர உழவு இயந்திரங்களில் கேஜ் இருப்பதில்லை. சில எஞ்சின்களில் ஒயில் ஓடும்போது எழும்பி நிற்கும் சிறு சிவப்புக் குமிழ் உண்டு. அது விழுந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

நாம் வாழும் பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது. ஆற்றின் மறுகரையில் கன்னொறுவை இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசிச் சேவையில் பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்கலாம். பயிருக்கு நோய் வந்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருப்பது போல, பயிரை விளைவிக்கும் இயந்திரத்துக்கு நோய் வந்தாலும் தமிழில் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். அறிவு பேராதனையில் இருக்க, இயந்திரம் கிளிநொச்சியில் கிடந்து தேய்வது முறையல்ல.

செய்ய வேண்டியவை

போர் முடிந்த பின் இந்திய அரசு வடபகுதிக் கமக்காரருக்கென 500 உழவு இயந்திரங்களை வழங்கியது. நன்றியுடன் பெற்றுக்கொண்டோம். அவையும் இன்று பத்து வருடங்களைத் தாண்டிவிட்டன. அவற்றின் ஊசிகளும் இறங்கும் காலம் வரும். புதியதைக் கொடுக்கும் விழாவுக்குப் பந்தல் போடப்படுகிறது; பழையதைத் திருத்துவதற்கு ஒருவரும் பந்தல் போடுவதில்லை. உதவி நிறுவனங்கள் விதைநெல்லும் மண்வெட்டியும் கொடுக்கும்போது, எஞ்சின் திருத்தச் செலவுக்கும் வட்டியில்லாக் கடன் ஒன்றை ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

வெளியாரை எதிர்பாராமல் நாமே செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு கமக்கார அமைப்பும் ஒரு நல்ல ஒயில் அழுத்தக் கேஜையும், பல்வேறு எஞ்சின்களுக்குப் பொருந்தும் இணைப்புகளையும் பொதுவில் வாங்கி வைக்கட்டும். ஒரு கிராங்க் அரைக்கும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை அற்பம். ஓர் இளைஞனும் ஒரு பெண்ணுமாக இருவர் அதைப் பூட்டப் பழகட்டும். ஒரு கொப்பியில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு போகத்துக்கும் முன், சூடான எஞ்சினின் அழுத்தத்தைத் திகதியுடன் எழுதட்டும். சென்ற போகம் 40, இந்தப் போகம் 32 என்று கொப்பி சொன்னால், அறுவடைப் பணத்தில் எதை முதலில் ஒதுக்க வேண்டும் என்பது குடும்பத்துக்கே தெரிந்துவிடும். கராஜில் சொல்லும் வார்த்தையை மட்டும் நம்பி நிற்கும் நிலையும் நீங்கும்.

அடுத்த காலபோகத்திற்கு முன் உங்கள் அமைப்பின் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். மழைக்கு முன்பே அந்தக் கொப்பியின் முதற் பக்கம் எழுதப்பட வேண்டும்.