குமாஸ்தா வேலையா அது?

விலங்குச் சோதனை ஒருங்கிணைப்பாளர் வெறும் படிவம் நிரப்பும் குமாஸ்தா, அவரால்தான் ஆய்வு தாமதமாகிறது என்கிறார் ஒரு கட்டுரையாளர். ஆய்வுக்கூடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் மிரள்கிறது. குழாயில் நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் பதற்றம் குறைகிறது என்று லிவர்பூல் ஆய்வாளர்கள் 2010இலேயே காட்டிவிட்டார்கள். ஆண்களின் வாடை பட்டாலே எலிகளுக்கு அழுத்தம் ஏறி, வலியை வெளிக்காட்டுவது குறைகிறது என்றது 2014இல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வு. பிறகு, திங்களன்று ஒருவர், செவ்வாயன்று வேறொருவர் ஊசி போட்டால் வலிமருந்தின் பலனை எதை வைத்து அளப்பீர்கள்? யார் கையாண்டார், கூண்டு எப்போது மாறியது என்று குறித்துவைப்பவர் அந்தக் குமாஸ்தாதான். தாமதத்துக்கும் அவர் காரணமல்ல; முன் ஒப்புதல் இல்லாமல் சோதனை கூடாது என்பது இந்தியாவில் 1998 விதி. தாமதம் பிடிக்காதவர்கள் விண்ணப்பத்தை முன்கூட்டியே, முழுமையாக அனுப்பட்டும்.