காஸ்டிக் – சுடுவது எது?



பட்ட வகுப்பு முதலாண்டு மாணவர்களுக்கு ஒருநாள் ஒளியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் பாதியளவு பால் ஊற்றிச் சன்னலோரம் வைத்தேன். சாய்வாக விழுந்த காலை வெயில் டம்ளரின் உட்சுவரில் பட்டுத் திரும்பி, பாலின் மேல் பளிச்சென்று ஒரு வளைகோட்டை வரைந்தது. "இதற்குக் காஸ்டிக் வளைவு என்று பெயர்" என்றேன். உடனே ஒரு மாணவர் எழுந்து, "பாலில் சோடா கலந்திருக்கிறதா, சார்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காஸ்டிக் சோடாவுக்கும் இந்த ஒளிக்கோட்டுக்கும் என்ன உறவு என்பதை அவருக்கு யாருமே சொல்லவில்லையே என்றுதான் தோன்றியது.

உறவு உண்டு. 'எரித்தல்' என்னும் பொருளுடைய கிரேக்க வினைச்சொல்லிலிருந்து பிறந்தது 'காஸ்டிக்'. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுடக்கூடியது, எரிக்கக்கூடியது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஆனால் நம் கையேடுகளில் 'காஸ்டிக் – அரிக்கும் தன்மையுள்ள' என்று ஒரே வரி இருக்கும். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள். இப்படி ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நெட்டுருச் செய்வது பயனற்றது மட்டுமன்று, சில சமயம் ஆபத்தானதும் ஆகும் என்பது என் கருத்து.

இதை அனுபவித்தே கற்றேன். நான் கல்லூரியில் படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் காஸ்டிக் சோடாக் கரைசல் என் புறங்கையில் தெறித்தது. அரிப்பது என்றால் அமிலம்; இதுவோ காரம்; ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று முடிவு செய்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். தோல் சோப்பு பட்டதுபோல் வழுவழுத்தது. உண்மையில் அங்கே நடந்ததும் அதுதான்! காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைடிராக்சைடு, தோலிலுள்ள கொழுப்பைச் சோப்பாக மாற்றுகிறது. புரதத்தையும் சிதைத்து உள்ளே இறங்குகிறது. முதலில் வலி குறைவாகவே இருக்கலாம். ஆனால் சிதைவு நடந்துகொண்டே இருக்கும். மாலையில் தோல் சிவந்தது, மறுநாள் புண்ணாயிற்று. உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவியிருக்க வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் போக வேண்டும். அமிலத்தை ஊற்றிச் சமன் செய்யலாம் என்று ஒருபோதும் முயலக்கூடாது.

தமிழ்ப் பாடநூல்கள் இப்பொருளுக்கு 'எரி சோடா' என்று பெயரிட்டன. நல்ல பெயர், மூலச்சொல்லின் பொருள் அதில் இருக்கிறது. ஆனால் எரி சோடா தீப்பற்றி எரிவதில்லை; பட்ட இடத்தைத்தான் எரியச் செய்கிறது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் "நாக்கு வெந்துவிட்டது" என்கிறோம் அல்லவா? நெருப்பில்லாமல் நாக்கு வெந்தது எப்படி?

இதே கேள்வி ஐரோப்பிய அறிஞர்களையும் குழப்பியது. சுண்ணாம்புக்கல் நாக்கைச் சுடாது. சூளையில் இட்டு எடுத்த சுட்ட சுண்ணாம்போ சுடும். ஆகவே, சூளையின் நெருப்பே கல்லுக்குள் புகுந்துகொண்டது என்று பலர் நம்பினர். சுண்ணாம்புடன் சலவைச் சோடாவைச் சேர்த்துக் காய்ச்சினால் காஸ்டிக் சோடா கிடைக்கும். அந்த நெருப்புதான் சுண்ணாம்பிலிருந்து சோடாவுக்கு மாறுகிறது என்றும் விளக்கம் தந்தனர். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது! ஸ்காட்லாந்து அறிஞர் ஜோசஃப் பிளாக் தராசை எடுத்து எடைபோட்டுப் பார்த்தார். சூளையில் சுண்ணாம்புக்கல்லின் எடை கூடவில்லை, குறைந்தது. 100 கிராம் தூய சுண்ணாம்புக்கல்லை முழுவதும் சுட்டால் 56 கிராம்தான் மிஞ்சும். எஞ்சிய 44 கிராம், இன்று நாம் கார்பன் டைஆக்சைடு என்று அழைக்கும் வாயுவாக வெளியேறுகிறது. நெருப்பு உள்ளே புகவில்லை, வாயுதான் வெளியே போயிற்று என்று பிளாக் 1756இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். சொல் நமக்கு ஒரு கேள்வியைத் தந்தது. விடையைத் தந்தது தராசு.

இனிப் பால் டம்ளருக்கு வருவோம். ஆடிகளையும் வில்லைகளையும் கொண்டு சூரிய ஒளியைக் குவித்துப் பொருள்களை எரிப்பதில் 17ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பெரிதும் ஆர்வம் காட்டினர். அவர்களுள் ஒருவரான ஜெர்மானியர் சிர்ன்ஹவுஸ் 1682இல் இவ்வகை வளைவுகளை ஆராய்ந்தார். ஒளிக்கதிர்கள் எங்கே நெருங்கிக் கூடுகின்றனவோ அங்கே வெப்பம் மிகும். ஆகவே அது எரிக்கும் வளைவு, காஸ்டிக். குழியாடியின் குவிய தூரம் வளைவு ஆரத்தில் பாதி என்று படித்திருப்பீர்கள். டம்ளரில் தெரியும் வளைவின் கூர்முனையைப் பாருங்கள். அது மையத்துக்கும் சுவருக்கும் சரிபாதியில் இருக்கும். அதுவே குவியம்! முதன்மை அச்சை ஒட்டிய கதிர்கள் மட்டுமே அங்கே கூடுகின்றன. மற்றவை விலகிச் சென்று கூர்முனையின் இருபுறமும் வளைவை உண்டாக்குகின்றன. தேர்வுக்காக நீங்கள் எழுதும் 'கோளப் பிறழ்ச்சி' என்பது இதுவே.

ஆங்கில நாவல்களிலும் செய்தித்தாள்களிலும் ஒருவருடைய பேச்சைக் 'காஸ்டிக்' என்பார்கள். நாமும் 'சுடுசொல்' என்கிறோம். ஆனால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. கோபத்தில் வீசும் வசவும் சுடுசொல்தான். காஸ்டிக் பேச்சிலோ ஏளனமும் கூர்மையான அறிவும் கலந்திருக்கும், சிரித்துக்கொண்டே சுடும். வெறும் வசவை அச்சொல்லால் குறிப்பது பொருந்தாது.

சோடா, சுண்ணாம்பு, ஒளி, பேச்சு ஆகிய நான்கையும் ஒரே சொல் தொட்டுச் செல்கிறது. நான்கிலும் 'சுடுகிறது' என்கிறோம். சுடும் விதம் வேறு வேறு. ஆகவே புதிய கலைச்சொல் ஒன்றைக் காணும்போது அதன் பொருளை மட்டும் எழுதிக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஏன் இந்தப் பெயர், அங்கே உண்மையில் நடப்பது என்ன என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வகுப்பு சிரித்தால் சிரிக்கட்டும். "பாலில் சோடா இருக்கிறதா?" என்று கேட்டாரே, அந்த மாணவர் கேட்டிராவிட்டால் இக்கட்டுரையே பிறந்திராது.