சளிக்கும் சர்ட்டிபிகேட்டா?

மார்கழி பிறந்துவிட்டால் கோவையில் விடியற்காலைப் பனி வெப்பநிலையை 20 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடும். சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி பக்கம் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள், காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு சுக்குமல்லி காபி வண்டியைத் தேடுவார்கள். வீட்டுக்கு வீடு கொள்ளு ரசமும் தூதுவளைத் துவையலும் தயாராகும். ஆனால் காய்ச்சலோடு ஒரு நாள் படுத்துக் கிடக்க, மாதச் சம்பளக்காரர் யாருக்கும் தைரியம் வருவதில்லை.

“உடம்புக்கு முடியலைங்க சார், இன்னைக்கு ஒரு நாள் லீவு வேணுங்க” என்று காலையில் டீம் லீடருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போகும். பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். “டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கா?” அல்லது, “அப்போ வீட்டிலிருந்தே லாகின் பண்ணிக்குங்க.” கொரோனா காலத்துக்குப் பிறகு பரவலான இந்த இரண்டாவது பதில், முதலாவதைவிட மோசம். கேட்பதற்குச் சலுகைபோல இருக்கும். உண்மையில் நோய்க்கான விடுப்பை ஓசையில்லாமல் விழுங்கிவிடுகிறது.

சாதாரணச் சளிக் காய்ச்சலுக்கு மருத்துவர் சொல்லப்போவது என்ன? வெந்நீர் குடியுங்கள், பாராசிட்டமால் போடுங்கள், ஓய்வெடுங்கள். அந்த ஓய்வுக்கு அத்தாட்சி வாங்க, காய்ச்சல்காரர் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போய், கிளினிக்கில் மற்ற நோயாளிகளோடு காத்திருந்து, ஃபீஸும் கட்ட வேண்டும். இதற்குப் பயந்து அலுவலகம் வருபவர், சன்னல் திறக்காத ஏசி அறையில் உட்கார்ந்து இருமுகிறார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து இருக்கைக்காரருக்கும் தொண்டை கட்டுகிறது. நிர்வாகம் மிச்சம் பிடித்தது எத்தனை மணி நேர வேலை என்று கணக்குப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோவையின் இந்த அலுவலகங்களில் பல, பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்காக அந்த நாட்டு நேரத்தில் இயங்குகின்றன. பிரிட்டனில் 7 நாள் வரை நோய் விடுப்பு எடுப்பவர் மருத்துவச் சான்று தர வேண்டியதில்லை, தானே எழுதிக் கொடுத்தால் போதும். ஜெர்மனியில் பொது விதிப்படி 3 நாளுக்கு மேல் போனால்தான் சான்று. லண்டன்காரர் ஒரு வரி எழுதிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். அவருடைய வேலைக்குக் கோவையிலிருந்து கைகொடுப்பவர், ஒரு நாள் காய்ச்சலுக்கு ஹெச்.ஆர். முன்னால் சாட்சியோடு நிற்கிறார்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பும், தனியாக 12 நாள் வரை தற்செயல் விடுப்பும் தருகிறது. ஓராண்டு பணி முடித்தவருக்கு மேலும் 12 நாள் விடுமுறை உண்டு. கிராஸ்கட் ரோடு ஜவுளிக்கடை ஊழியருக்கும், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவருக்கும் உரிய உரிமை இது. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும் அப்ரைசலை நினைத்து வாய் திறப்பதில்லை.

இந்த ஊருக்கு நோய் விடுப்பு புதிதும் அல்ல. தமிழகத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் முதலில் தொடங்கியது கோவையில்தான், 1955 ஜனவரியில். பஞ்சாலைத் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் அவர் வீட்டு அடுப்பு அணையக் கூடாது என்ற நியாயம் அப்போதே இங்கே ஏற்கப்பட்டது. உரிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். ஆனால் இதற்கான சம்பள உச்சவரம்பு 2017 முதல் 21,000 ரூபாயிலேயே நிற்கிறது. ஐ.டி. ஊழியர்களில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் பொதுவாக முதல் 2 நாளுக்குப் பணம் கிடையாது. மார்கழிச் சளி படுத்துவதோ அந்த இரண்டு நாள்தான்!

கொங்கு மண்ணின் உழைப்புப் பெருமையும் இங்கே குறுக்கே நிற்கிறது. பட்டறை வைத்து, மோட்டார் பம்பு செய்து முன்னேறிய முதலாளி காய்ச்சலிலும் லேத் முன்னால் நின்றிருப்பார். “நாங்கெல்லாம் லீவு போட்டா வளர்ந்தோம்?” என்று அவர் கேட்பதில் பொய் இல்லை. ஆனால் அவர் நின்றது சொந்தப் பட்டறையில், லாபம் வந்தது அவர் கைக்கு. மாதச் சம்பளக்காரரிடம் அதே வைராக்கியத்தை எதிர்பார்ப்பது அநியாயம்.

இந்தப் பருவத்தில்தான் பலருக்கு வேலை கசக்கிறது. மூக்கு ஒழுக ஒழுகக் கணினி முன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில், சம்பள உயர்வு தராத கோபத்தைவிட, தன் வார்த்தையை நம்பாத கோபம்தான் பெரிதாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நேரம் தவறாமல் வந்தவரைக் காய்ச்சல் நாளில் மட்டும் பொய்யராகப் பார்ப்பது என்ன நிர்வாகம்? ஏமாற்றி லீவு எடுப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அந்த நாலு பேருக்காக நாற்பது பேரைச் சந்தேகிப்பதில் லாபம் ஒன்றும் இல்லை.

கோவை நிறுவனங்கள் இந்தக் குளிர்காலத்திலேயே ஒன்றைச் செய்யலாம்: 3 நாள் வரையிலான நோய் விடுப்புக்குச் சர்ட்டிபிகேட் கேட்பதில்லை, லாகின் செய்யவும் சொல்வதில்லை என்று எழுத்தில் அறிவிக்கலாம். ஊழியர்களும் தங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து, நோய் விடுப்பு எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். அங்கே 12-க்குக் குறைவாக இருந்தால், தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.